தன்வினை

ஓல்டன் காவல் நிலையத்தில்
மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு
மற்றவர்களின் ‘நான்’ ஆக இருப்பது என் வேலை.
போன கிழமை ஒரு கடைக்காரி,
அதற்கு முன் கார்க் கண்ணாடி உடைத்த பொடியன்.
இன்று சிவபாதலிங்கம், வயது ஐம்பத்தொன்பது,
ஹெர்கிங்கன் அஞ்சல் பிரிப்பகத்தில் இரவு வேலை.
உறங்காமல் நேரே வந்திருக்கிறார்.
நாலு இலக்கம் சொன்னால் ஊர் சொல்வார்.
பதினெட்டு வருடத்தில் ஒரு பொதியும்
அவர் கையால் பிழையான வண்டியில் ஏறியதில்லை.
இதை யாரும் கேட்கவில்லை.
அவர் சொன்னார்; ஆகவே நானும் சொன்னேன்,
ஜேர்மனில், என் கைகளைப் பற்றிச் சொல்வதுபோல.

வெளியே நவம்பர்.
ஆரே ஆறு இருக்குமிடத்தில் வெறும் வெள்ளை.

எக்கென்ஷ்வீலர் அம்மையார் படிவத்தைத் திறந்தார்.
நடந்ததைச் சொல்லுங்கள்.

‘ஏமாந்து போனன்.’

அங்கேயே சிக்கிக்கொண்டேன்.
ஏமாந்தேன் என்பதில் இரண்டாவது ஆள் இல்லை.
தடுக்கி விழுந்தேன், மறந்துபோனேன் மாதிரி
எல்லாம் தன் தலையில்.
பள்ளிக்கூடத்தில் படித்தது:
ஏமாந்தான் தன்வினை, ஏமாற்றினான் பிறவினை.
தன்வினை தன்னைச் சுடும் என்றும்
அதே வாத்தியார்தான் சொல்லித் தந்தார்.
ஆனால் படிவத்தில் ‘சந்தேக நபர்’ என்று ஒரு கட்டம்.
அது ஆள் கேட்கிறது.
‘என்னை ஒருவர் ஏமாற்றிவிட்டார்’ என்றேன்.
மொழிபெயர்ப்பில் நான் செய்த முதல் குற்றம் இது,
அல்லது முதல் நியாயம்.

‘ஹலோ பப்பா, என் ஃபோன் உடைந்துவிட்டது,
இதுதான் புது நம்பர்.’
பிறகு வாடகை, பிறகு பல் வைத்தியர், பிறகு ஏதோ அபராதம்.
மூன்று தடவை, இரண்டு வங்கிக் கணக்கு,
மூவாயிரத்து எண்ணூற்றைம்பது பிராங்க்.

உங்கள் மகள் உங்களைப் பப்பா என்றா கூப்பிடுவார்?
‘இல்லை. அப்பா எண்டுதான்.’
சந்தேகம் வரவில்லையா?

அவர் மேசை விளிம்பைத் தடவினார்.
‘பதினாலு மாதம் பிள்ளை ஒண்டுமே எழுதேல்ல.
எப்பிடிக் கூப்பிட்டா என்ன.’

என் பிள்ளை என்றேன் ஜேர்மனில்.
எனக்குப் பிள்ளை இல்லை.

அம்மையார் கைபேசியை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனார்.
திருடனுக்கு இவர் எழுதியவை நிறைய இருந்தன.
பிரஷர் குளிசை மாற்றியது,
பால்கனிக் கறிவேப்பிலையை உள்ளே எடுத்து வைத்தது,
அன்றைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்பது.
ஒவ்வொன்றின் கீழும்
திருடன் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான்.
எந்தச் சண்டை, யாருடைய கலியாணம்,
அதற்குக் கட்டமில்லை.

இந்த எண்ணை முடக்கிவிட்டீர்களா?
‘இல்லை.’
ஏன்?
அதற்கு அவர் வாயே திறக்கவில்லை.
மௌனத்துக்கும் எனக்குச் சம்பளம் உண்டு,
கால் மணி கால் மணியாக.

இது தன் எண் இல்லை என்று மகள் சொல்ல வேண்டும்,
வழக்குக்குத் தேவை என்றார் அம்மையார்.
உண்மையான எண்ணை அவர் மனப்பாடமாகச் சொன்னார்,
மூச்சு விடாமல், அஞ்சல் குறியீடு மாதிரி.
ஒலிபெருக்கியில் ஐந்து மணி அடித்தது.
மிதுஷா எடுத்தாள். பேர்ண் பக்கத்து உச்சரிப்பு.
இல்லை, என் எண் இல்லை. இல்லை, நான் எழுதவில்லை.
எவ்வளவு போனது?
அம்மையார் தொகையைச் சொன்னார்.
மறுபக்கம் ட்ராம் ஒன்று திரும்பும் கீச்சொலி மட்டும்.

பிறகு தமிழில், துருப்பிடித்த தமிழில்:
‘அப்பா, ஏன் எனக்கு எடுக்கேல்ல?’

விசைப்பலகை மேல் விரல்களை வைத்தபடி
அம்மையார் என்னைப் பார்த்தார்.
எழுத வேண்டும், எல்லாமே வாக்குமூலம்.
அப்பா என்பதற்கு ஜேர்மனில் தேடினேன்.
திருடன் எடுத்தாண்ட அந்த ஒரு சொல்தான்
அங்கே இருந்தது.

பப்பா, என்றேன்.
ஏன் எனக்கு எடுக்கவில்லை.